கைதட்டலைத் தள்ளிப் போட்ட நான்கு மாதம்

புதிதாகப் பயிற்சியாளர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். மட்டையை எப்படிப் பிடிப்பது, பந்தை எப்படி எறிவது என்று என்னிடம் கேட்காதீர்கள். அதற்கெல்லாம் செல்போனிலேயே படம் ஓடுகிறது. நான் சொல்லப் போவது நான் செய்த தப்பை. அதை எந்தப் படத்திலும் காட்டமாட்டார்கள்.

கடலூரில் ஓர் அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலையில் இருந்த கடைசிச் சில வருஷங்கள், பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் போய்விடுவேன். அங்கே ஒரு மூலையில் என் பேஸ்பால் அணி காத்திருக்கும். மொத்தம் பதினான்கு பேர். பதினாறு வயதிலிருந்து முப்பது வயது வரை ஆணும் பெண்ணும் கலந்த அணி. எல்லாருக்குமே அறிவு வளர்ச்சியில் ஏதோ ஒரு குறைபாடு இருப்பதாக டாக்டர் எழுதிக் கொடுத்த சர்டிபிகேட் உண்டு. எனக்கு அப்படி யாரும் எழுதித் தரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். படிக்கப் படிக்க உங்களுக்கே தெரியும்.

“ஏன் டீச்சர், கிரிக்கெட் சொல்லித் தரலாமே?” என்று கேட்காத ஆள் இல்லை. காலேஜில் நான் ஆடியது சாஃப்ட்பால். அதன் அண்ணன் பேஸ்பால். எனக்குத் தெரிந்ததைத்தானே சொல்லித் தர முடியும்? தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மைதானத்தில் நான்கு மூலை. பந்தை அடித்துவிட்டு முதல் பேஸ், இரண்டாவது, மூன்றாவது என்று மூலை மூலையாகத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே ஓடி வந்து சேர வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர் ஹோம். ஹோமுக்கு வந்தால் ஒரு ரன். நடுவில் நின்றால் ஒன்றுமில்லை. ஓடும்போது எதிரணி பந்தோடு வந்து தொட்டுவிட்டால் அவுட். இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஆரம்பத்தில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். சின்ன விஷயம் செய்தாலும் உடனே பாராட்டுங்கள் என்று சொன்னார்கள். எனக்குத்தான் எதையும் அளவோடு செய்யத் தெரியாதே. பாராட்டினால் போதாது, ஆளுக்கொரு தட்டு என்று கண்டுபிடித்தேன். நம் பள்ளிக்கூடங்களில் பட்டாசுத் தட்டு, மழைத் தட்டு என்று விதவிதமாகக் கைதட்டச் சொல்லித் தருவோமே, அது மாதிரி. மல்லிகாவுக்கு மழைத் தட்டு. சகாயத்துக்குப் பரோட்டாத் தட்டு. கடையில் மாஸ்டர் பரோட்டாவை இரண்டு கையாலும் சேர்த்து அடிப்பார் பாருங்கள், அப்படி இடம் வலம் இடம் என்று மூன்று தட்டுத் தட்டிவிட்டுக் கடைசியில் எல்லாரும் “ஹோய்” என்று கத்த வேண்டும். சகாயத்துக்குப் பரோட்டா என்றால் உயிர்.

சகாயத்துக்கு அப்போது இருபத்து மூன்று வயது. டவுன் சிண்ட்ரோம் என்பார்கள். குட்டையான உருவம், இரும்பு மாதிரி தோள். மட்டையைச் சுழற்றினான் என்றால் பந்து மைதானத்தின் சுற்றுச்சுவரைத் தேடிப் போகும். என் அணியிலேயே பெரிய அடிக்காரன் அவன்தான். அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடுவான். நாங்கள் எல்லாரும் பரோட்டாத் தட்டுத் தட்டி “ஹோய்” என்போம். அவன் நெஞ்சில் கை வைத்துக் குனிந்து வணக்கம் சொல்வான். அப்புறம் அங்கேயே நிற்பான். பந்து இன்னும் எங்கோ புல்லுக்குள் கிடக்கும். “ஓடுடா, ஓடுடா” என்று நான் கத்துவேன். அவன் சிரிப்பான். அவனைப் பொறுத்தவரை ஆட்டம் முடிந்துவிட்டது.

ஒன்றரை வருஷம் இது நடந்தது. நானும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு அவ்வளவுதான் புரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம் தொழிலில் இதைவிடப் பெரிய அயோக்கியத்தனம் கிடையாது.

சகாயத்தின் அம்மா பெயர் ஜெபமாலை. சத்துணவு அமைப்பாளர். கணவர் இல்லை. இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வந்து, மைதானத்து வேலியோரம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதிகம் பேசமாட்டார். 2008-இல் ஓர் ஆவணி மாதச் சாயங்காலம் நேராக என்னிடம் வந்து, “உங்ககிட்ட கொஞ்சம் பேசணும் டீச்சர்” என்றார். குரல் சரியாக இல்லை.

முதுநகரில் இனிப்புக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி மடித்துக் கொடுக்கும் பட்டறை ஒன்று இருந்தது. தெரிந்தவர் மூலமாகக் கேட்டு, அங்கே சகாயத்தை ஒரு வாரம் வேலை பார்க்கவிட்டுப் பார்ப்பதாகப் பேச்சு. எனக்கும் சொல்லியிருந்தார், நானும் சந்தோஷப்பட்டேன். மூன்றாவது நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“ஏன், மடிக்க வரலையா?” என்றேன்.

“நல்லாத்தான் மடிக்கிறானாம். ஒரு பொட்டி மடிச்சதும் எழுந்து நிக்கிறானாம் டீச்சர். எழுந்து நின்னு, நெஞ்சுல கைய வச்சிக்கினு எல்லாரு மூஞ்சையும் பாக்குறானாம். யாராவது தட்டுனாத்தான் அடுத்த பொட்டிய எடுக்குறானாம்.”

அவர் நிறுத்தவில்லை. “மொத நாளு சிரிச்சாங்களாம், தட்டுனாங்களாம். ரெண்டாவது நாளும் தட்டுனாங்க. வேல செய்யிறவுங்க எத்தினி நாளு தட்டுவாங்க? நீங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க. எம்புள்ளைய நீங்கதான் கெடுத்துட்டீங்க.”

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். “சம்பளமா வாங்குறேன், என் நேரத்தைப் போட்டுத்தானே செய்யறேன்” என்று வாய் வரை வந்தது. நல்லவேளை, அதற்குள் அவர் இன்னொன்று சொன்னார்.

“எல்லாரும் எங்கிட்ட, உனக்கப்புறம் இவன் என்னா பண்ணுவான்னு கேக்குறாங்க. நான் செத்ததுக்கு அப்புறம் நடக்கறத ஆண்டவரு பாத்துக்குவாரு. நாளைக்குக் காலைல எழுந்தா இவன் எங்க போவான்? அதச் சொல்லுங்க. குளிச்சு, சட்ட மாட்டிக்கினு வாசல்ல நிக்கிறான் டீச்சர். பட்டறைக்குப் போவணும்னு நிக்கிறான்.”

அன்றைக்கே அவரிடம் பட்டறைக்கு வழி கேட்டு வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். முதலாளியைப் பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், நானும் பாய் என்றே சொல்கிறேன். நான் மன்றாட வந்திருக்கிறேன் என்று நினைத்து ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் மன்றாடத்தான் போயிருந்தேன், மைதானத்துக் கைதட்டல் கதையையும் சொன்னேன். அவர் கேட்டது என்ன தெரியுமா?

“உங்க வெளையாட்டுல எப்பம்மா கை தட்டுவீங்க?”

“முதல் பேஸுக்கு வந்தா.”

“அதோட முடிஞ்சிருச்சா வெளையாட்டு?”

“இல்ல, இன்னும் மூணு இருக்கு.”

“அப்ப எதுக்கு அங்கியே தட்டுறீங்க?”

அவ்வளவுதான் கேட்டார். எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போகாத மனுஷன். ஒன்றரை வருஷமாக என் கண்ணில் படாததை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு நிமிஷத்தில் காட்டிவிட்டார். பிறகு, “புள்ளை தங்கமான புள்ளைம்மா. விரலு அவ்ளோ சுத்தம். தீபாவளிக்கு வேலை ஜாஸ்தி, இப்ப என்னால பாத்துக்க முடியாது. பொங்கல் கழிச்சுக் கூட்டியாங்க. ஒரு மணி நேரம் யாரு மூஞ்சியும் பாக்காம தானா மடிச்சான்னா நான் வச்சுக்கறேன்” என்றார்.

இங்கேதான் என் இரண்டாவது தப்பு. முதல் தப்பைவிடப் பெரியது. அன்று மாலையே மைதானத்தில் எல்லாரையும் கூப்பிட்டு, “இனிமே யாரும் கைதட்டக் கூடாது” என்று உத்தரவு போட்டேன். விசில் ஊதிப் பழகியவள் இல்லையா, எதையும் ஒரே ஊதலில் நிறுத்திவிடலாம் என்று நினைத்துவிட்டேன்.

சகாயம் அடித்தான். முதல் பேஸுக்கு ஓடினான். திரும்பினான். ஒருத்தரும் தட்டவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தான். காது கேட்காமல் போய்விட்டதோ என்பது மாதிரி தலையை ஆட்டிப் பார்த்தான். அப்புறம் அவனே இரண்டு கையையும் தூக்கி, இடம் வலம் இடம் என்று மூன்று தட்டுத் தட்டி, தனியாக “ஹோய்” என்றான். அந்தக் குரல் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

மல்லிகா தாங்கமாட்டாமல் தட்டிவிட்டாள். நான் மல்லிகாவைத் திட்டினேன். மல்லிகா அழுதாள். அவளைப் பார்த்து இன்னும் நான்கு பேர் அழுதார்கள். சகாயம் மைதானத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று.

நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். சகாயம் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஜெபமாலை அம்மாவின் கண் வீங்கியிருந்தது. “போதும் டீச்சர். வேலையும் வாணாம் ஒண்ணும் வாணாம். பழையபடி தட்டிடுங்க. அவன் சிரிச்சாப் போதும்” என்றார்.

உங்களுக்கும் ஒருநாள் ஓர் அம்மா இப்படிச் சொல்வார். அந்த நேரத்தில் ‘சரி’ என்று சொல்வது ரொம்பச் சுலபம். நல்ல பேரும் வரும். நானும் சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது பாருங்கள், பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் ஒன்று உள்ளே வந்து, “ஆயா, சோறு” என்றது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஜெபமாலை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, “தட்ட கழுவிக்கினு வா. வந்ததும் போடுறேன்” என்றார். பெண் தட்டைக் கழுவப் போனது. வந்தது. “கொழம்பு இன்னும் ஒரு கொதி இருக்கு. தண்ணி மொண்டு வை” என்றார். தண்ணீர் வைத்தது. அப்புறம் சோறு வந்தது. அழுகையும் இல்லை, அடமும் இல்லை.

நான் எழுந்து நின்றுவிட்டேன். “இருநூறு புள்ளைங்களை இப்படித்தான் சமாளிக்கிறீங்களா?” என்று கேட்டேன்.

“பின்ன? பசியில வர்ற புள்ளைய இல்லன்னு சொன்னா அழுவும். இருக்கு, வருது, இன்னும் கொஞ்சம்னு சொல்லணும். சொன்னபடி போடணும்.”

இந்த அம்மாவை வேலியோரத்தில் உட்கார வைத்துவிட்டு, நான் எங்கெங்கோ பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கிறேன். என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அடுத்த நாளிலிருந்து ஜெபமாலை அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார். கைதட்டலை நாங்கள் நிறுத்தவில்லை. தள்ளிப் போட்டோம். முதல் பேஸில் இருந்து ஒரே ஒரு எட்டு வைத்தால் போதும், பரோட்டாத் தட்டு உண்டு. சகாயம் முதல் பேஸில் நின்று முகத்தைப் பார்த்தால் எல்லாரும் சேர்ந்து, “இன்னும் இருக்கு” என்போம். ஒரு எட்டு வைத்ததும் தட்டுவோம். ஒரு வாரம் கழித்து ஐந்து எட்டு. கார்த்திகை அடைமழையில் மைதானம் குளமாகிவிட்டது, பள்ளிக்கூட வராந்தாவில் கோணியை விரித்துப் பேஸ் ஆக்கி ஓடவிட்டோம். மார்கழியில் கைதட்டல் இரண்டாவது பேஸுக்குப் போனது. பிறகு மூன்றாவது. சில நாள் பின்னால் போகும். ஒருநாள் கோபத்தில் மட்டையைச் சாக்கடையில் போட்டுவிட்டான். நானும் ஒருநாள் பொறுமை இழந்து கத்திவிட்டு, மறுநாள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் யோசித்துவிட்டு, “இன்னொரு வாட்டி கேளுங்க” என்றான். கேட்டேன்.

அந்தப் பிள்ளையின் உழைப்பை என்னவென்று சொல்வது! மற்றவர்களுக்குக் கால்தான் வலிக்கும். அவன் ஒவ்வொரு நாளும் ஆசையாக இருந்த ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்து ஓடினான். அதை நான் என் வாழ்நாளில் செய்ததில்லை. இன்றைக்கும் சர்க்கரை இல்லாத காபியை என்னால் குடிக்க முடியவில்லை. பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு முதல்முறையாக ஹோம் வரை ஓடி வந்தான். அன்றைக்கு நாங்கள் தட்டிய தட்டில் கை சிவந்துவிட்டது.

பொங்கல் முடிந்த வாரம் சிதம்பரத்தில் ஓர் ஆட்டம். அந்த ஊர்ச் சிறப்புப் பள்ளியிலும் எங்களைப் போல ஓர் அணி இருந்தது. ஒரு கல்லூரி மைதானத்தில் ஏற்பாடு செய்திருந்தார்கள். வேனில் பாட்டும் கூத்துமாகப் போனோம். மைதானத்தில் இறங்கிப் பார்த்தால், படிக்கட்டு நிறைய மாணவர்கள். கையில் மைக்கோடு ஒருவர், “நம் சிறப்புக் குழந்தைகளை உற்சாகப்படுத்துவோம், பலத்த கரகோஷம்!” என்று முழங்கிக்கொண்டிருந்தார். ஒருத்தன் தண்ணீர் குடித்தால்கூடத் தட்டினார்கள். எல்லாம் நல்ல பிள்ளைகள், நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமை சகாயம் பட்டறைக்குப் போக வேண்டும். நான்கு மாதம் நாங்கள் கட்டியதை இவர்கள் ஒரு மணி நேரத்தில் இடித்துவிடுவார்களே!

மைக் பிடித்தவரிடம் ஓடினேன். ஐந்தடி தூரத்தில் நின்றுவிட்டேன். என்ன சொல்வது? தட்டாதீர்கள் என்றா? சரி, இவர்களை நிறுத்திவிடலாம். பட்டறையில் யாராவது சிரித்துத் தட்டினால் அங்கேயும் போய் நிறுத்துவேனா? பஸ்ஸில்? சர்ச்சில்? உலகத்தை அடக்குவதற்கு என்னிடம் விசில் இல்லை. ஜெபமாலை அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். “சொல்லலியா?” என்றார். “இல்ல” என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவேயில்லை.

கடைசிச் சுற்று. அவர்கள் ஐந்து ரன், நாங்கள் நான்கு. இன்னும் ஓர் அவுட் என்றால் ஆட்டம் முடிந்தது. சகாயம் மட்டையோடு போனான். இரண்டாவது பந்தையே சாத்தினான். பந்து எல்லார் தலைக்கும் மேலே போய் எல்லைக்கோட்டு மரத்தடியில் விழுந்தது. நின்று நிதானமாக ஓடினாலும் ஹோமுக்கு வந்துவிடலாம். ஓடினான். முதல் பேஸை மிதித்தான். படிக்கட்டு முழுக்க எழுந்து நின்று தட்டியது. என் காது அடைத்தது.

சகாயம் நின்றான்.

கூட்டத்தின் பக்கம் திரும்பினான். கை நெஞ்சுக்குப் போனது. எனக்கு உயிரே போய்விட்டது. கத்தினால் ஓடிவிடுவான், எனக்குத் தெரியும். கத்த வாயைத் திறந்தேன். கத்தவில்லை. இன்றைக்கு நான் கத்தினால் திங்கட்கிழமை யார் கத்துவது?

நெஞ்சில் இருந்த கையை எடுத்தான். போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி உள்ளங்கையைக் கூட்டத்துக்கு நேராக நீட்டினான். “தட்டாதீங்க!” என்று கத்தினான். “இன்னும் இருக்கு!”

படிக்கட்டில் சிரிப்புச் சத்தம். அப்புறம் அதுவும் நின்றது. மைக் பிடித்தவர்கூட வாயை மூடிக்கொண்டார். அந்த அமைதியில் சகாயம் ஓடினான். இரண்டாவது பேஸ். மூன்றாவது பேஸ். அதற்குள் அவர்கள் பந்தை எடுத்துவிட்டார்கள். கைக்குக் கை மாறி வந்தது. ஹோமுக்கு ஒரு எட்டு இருக்கும்போது, அங்கே காத்திருந்த சிதம்பரத்துப் பெண் பந்தோடு அவன் தோளைத் தொட்டாள். நடுவர் கையைத் தூக்கினார். அவுட்.

சகாயம் அதைக் கவனிக்கவேயில்லை. அந்தக் கடைசி எட்டையும் வைத்து, ஹோம் மேல் இரண்டு காலையும் சேர்த்து நின்றான். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் வேர்வை. எங்கும் சத்தமில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, “இப்பத் தட்டுங்க” என்றான்.

நடுவரே தட்டினார். அவுட் செய்த பெண் பந்தைக் கீழே போட்டுவிட்டுத் தட்டினாள். ஜெபமாலை அம்மா மட்டும் தட்டவில்லை. என் மணிக்கட்டை விட்டால்தானே தட்ட முடியும். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும், “அவுட்டு டீச்சர், அவுட்டாயிட்டான் டீச்சர்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். லாட்டரி விழுந்தவர்கூட அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லமாட்டார். அந்த ஒரு ரன்னில்தான் தோற்றோம். என் பணியில் எத்தனையோ கோப்பை வாங்கியிருக்கிறேன். ஆனால் நான் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அந்தத் தோல்வியைத்தான்.

திங்கட்கிழமை சகாயம் பட்டறைக்குப் போனான். போகக் கூடாது, போகக் கூடாது என்று நான் என்னைக் கட்டிப்போட்டேன். வியாழக்கிழமை முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு முதுநகருக்கு வண்டியை விட்டேன்.

பாய் கல்லாவில் இருந்தார். உள்ளே கையைக் காட்டினார். சுவரோரம் நான்கைந்து பேர் வரிசையாக உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தார்கள். சகாயத்தின் பக்கத்தில் சிவப்புப் பெட்டிகள் அவன் தலை உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அட்டையை எடுக்கிறான், மடிக்கிறான், செருகுகிறான், வைக்கிறான், அடுத்ததை எடுக்கிறான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சும்மா இருந்திருக்கலாம். இந்த வாய் இருக்கிறதே!

“சகாயம்!” என்று கூப்பிட்டேன்.

திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். கையிலிருந்த பெட்டியை முழுசாக மடித்து, அடுக்கில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான்.

“வேல நேரம் டீச்சர்” என்றான். “சாய்ந்தரம் கிரவுண்டுக்கு வாங்க, பேசலாம்.”

பாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் அப்படியே இரண்டு எட்டுப் பின்னால் வந்தேன்.

“சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.